பெஞ்சுக் காலால் காத்த குடியரசு

ரோமில் புறம்போக்கை வளைத்துப் போட்டவனை ஆக்கிரமிப்பாளன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செனட்டர் என்பார்கள். அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டவனுக்கு மட்டும் பட்டங்கள் தாராளம்: கலகக்காரன், கொடுங்கோலன், முடிசூட ஆசைப்பட்டவன்.

இத்தாலியில் ஒவ்வொரு ஊராக அடித்துப் பிடித்தபோது, தோற்றவர்களின் நிலத்தில் ஒரு பங்கை ரோம் தன் கணக்கில் எழுதிக்கொண்டது. அது ரோமானிய மக்களின் பொதுநிலம். வாரம் கட்டி யாரும் உழலாம். ஏட்டில் அப்படித்தான் இருந்தது. நடப்பில், உழவுமாடும் அடிமைக் கூட்டமும் கையில் முதலும் யாரிடம் இருந்தனவோ அவர்கள் வேலி போட்டார்கள். வேலி போடுகிற சூட்டோடு பக்கத்து ஏழையின் துண்டு வயலும் உள்ளே போயிற்று. அந்த ஏழை அப்போது ஸ்பெயினிலோ ஆப்பிரிக்காவிலோ ரோமுக்காக ஈட்டி பிடித்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்து பார்த்தால், தன் வயலில் யாரோ ஒரு கனவானின் ஆடு மேய்கிறது. ஆட்டை மேய்ப்பவன், இவனே போரில் பிடித்துக் கொடுத்த அடிமை.

சட்டம் இல்லாமல் இல்லை. ஒருவர் 500 யூகெரத்துக்கு மேல், அதாவது ஏறத்தாழ 300 ஏக்கருக்கு மேல், பொதுநிலம் வைத்திருக்கக் கூடாது. கி.மு. 367-இல் லிசினியஸ் ஸ்டோலோ கொண்டுவந்த சட்டம் என்பது ரோமானிய மரபு. பத்தே வருடத்தில் அந்தச் சட்டத்தில் மாட்டி அபராதம் கட்டியவரும் இதே ஸ்டோலோதான் என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதிவைத்திருக்கிறார். மகனைத் தனிக்குடும்பமாகப் பிரித்துக் காட்டி, இருவருமாக 1,000 யூகெரம் வைத்திருந்தாராம். அபராதம் 10,000 ஆஸ் காசு. ஓட்டை எங்கே இருக்கிறதென்று சட்டம் எழுதியவருக்குத்தானே முதலில் தெரியும்! பின்னால் வந்தவர்கள் மகனைத் தேடிக்கூட அலையவில்லை. வேறு ஆட்களின் பெயரில் குத்தகையை எழுதினார்கள். பினாமி ஒன்றும் நேற்றுப் பிறந்த தொழில் இல்லை. கொஞ்ச காலத்தில் அந்தச் சிரமமும் எதற்கு என்று சொந்தப் பெயரிலேயே வெளிப்படையாக வைத்துக்கொண்டார்கள். யார் கேட்பது? கேட்க வேண்டிய செனட்டில் உட்கார்ந்திருந்தவர்களே அவர்கள்தான்.

கி.மு. 133-இல் ஒருவர் கேட்டார். திபேரியஸ் கிராக்கஸ். தெருவில் கத்துகிற ஆள் என்று ஒதுக்கிவிட முடியாது. தாய் கொர்னேலியா, ஹன்னிபாலைத் தோற்கடித்த சிப்பியோவின் மகள். அந்த ஆண்டின் மக்கள் ட்ரிப்யூன்களில் அவரும் ஒருவர். ட்ரிப்யூன் என்றால் ஏழைக் குடிமகனின் காவலன். அவன் உடம்பில் கை வைப்பது தெய்வக் குற்றம். போருக்குப் போகிற வழியில் எட்ரூரியாவைக் கடந்தபோது உழவன் என்று ஒருவனும் கண்ணில் படவில்லை, வயலிலும் மேய்ச்சலிலும் வெளிநாட்டு அடிமைகளே நின்றார்கள், அண்ணனின் எண்ணம் அங்கேதான் முளைத்தது என்று தம்பி கையுஸ் பின்னால் எழுதினார். அடிமைகளைக் குவித்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அப்போதே சிசிலி தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. அங்கே எழுந்த அடிமைகளை அடக்க ரோமுக்குச் சில வருடம் பிடித்தது.

அவருடைய சட்டம் எவ்வளவு பயங்கரமானது என்று பாருங்கள். ஏற்கெனவே இருக்கிற 500 யூகெர உச்சவரம்பை நடைமுறைப்படுத்துவது. பிள்ளைகள் இருந்தால் பிள்ளைக்கு 250 வீதம் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். மிச்சத்தை மட்டும் விட்டுக்கொடுத்தால் போதும். அதை எடுத்து நிலமற்றவர்களுக்குத் துண்டு துண்டாகக் கொடுப்பார்கள், வாங்கியவர்கள் விற்கக் கூடாது. திருடியவனைத் தண்டிக்கவும் இல்லை, திருடியதில் பெரும்பங்கை வைத்துக்கொள் என்கிறது சட்டம். விட்டுக்கொடுக்கிற நிலத்துக்கு நஷ்ட ஈடு தரவும் அவர் முதலில் தயாராக இருந்தார் என்கிறார் வாழ்க்கை வரலாறு எழுதிய ப்ளூட்டார்க். இவ்வளவு சாதுவான சட்டத்தைக் கேட்டதும் கனவான்களுக்கு நெஞ்சு அடைத்துப்போயிற்று. எங்கள் முன்னோர் சமாதி அந்த நிலத்தில் இருக்கிறதே என்று அழுதார்கள். மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டோமே என்றார்கள். அதன்மேல் கடன் வாங்கியிருக்கிறோமே என்றார்கள். ஊர்ச்சொத்தில் தாத்தாவைப் புதைத்தால் சொத்து தாத்தாவுக்குச் சொந்தம் என்பது ஒரு தனிச் சட்ட நூல். அதில் அன்றைய ரோமில் கரை கண்டவர்கள் நிறைய.

வாக்கெடுப்பில் தோற்போம் என்று தெரிந்ததும் இன்னொரு ட்ரிப்யூனைப் பிடித்தார்கள். பெயர் மார்க்கஸ் ஒக்டேவியஸ், திபேரியஸின் நண்பர். ஒரு ட்ரிப்யூன் ‘தடை’ என்று சொல்லிவிட்டால் மற்ற ஒன்பது பேரும் ஒன்றும் செய்ய முடியாது. ஏழையைப் பணக்காரனிடமிருந்து காக்க வைத்த ஆயுதம் அது. ஒக்டேவியஸிடமும் பொதுநிலம் இருந்தது. அந்த நஷ்டத்தை என் கைக்காசில் ஈடு கட்டுகிறேன் என்றார் திபேரியஸ். மசியவில்லை. கடைசியில் ஒக்டேவியஸைப் பதவி நீக்க மக்களிடமே வாக்குக் கேட்டார். மொத்தம் 35 வாக்குப் பிரிவுகள். 17 பிரிவுகள் ஒக்டேவியஸுக்கு எதிராக வாக்களித்துவிட்டன. இன்னும் ஒன்று விழுந்தால் பதவி போயிற்று. அங்கே வாக்கெடுப்பை நிறுத்திவிட்டு, எல்லோர் முன்னாலும் அவரைக் கட்டிப்பிடித்துக் கெஞ்சினார் திபேரியஸ். ஒக்டேவியஸின் கண் கலங்கியது. வெகுநேரம் வாய் திறக்கவில்லை. பிறகு தலையைத் திருப்பி, ஓரமாகக் கூட்டமாக நின்ற நிலக்காரர்களைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையோடு கண்ணீர் வற்றிவிட்டது. உனக்கு விருப்பமானதைச் செய்துகொள் என்றுவிட்டார்.

ட்ரிப்யூன் ஒருவரை நடுவில் இறக்கியது அதுவரை ரோமில் இல்லாத வழக்கம். அதில் திபேரியஸ் மரபை மீறினார் என்பது உண்மை. அன்றைய தள்ளுமுள்ளில் ஒக்டேவியஸின் வேலைக்காரன் ஒருவன் கண்ணைப் பறிகொடுத்தான். மரபு போயிற்றே என்று இன்றுவரை பக்கம் பக்கமாக வருந்துகிற பேராசிரியர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். அடுத்து மரபைக் காக்க வந்தவர்களைப் பார்க்கலாம்.

சட்டம் நிறைவேறியது. நிலம் அளக்க மூவர் குழு: திபேரியஸ், தம்பி கையுஸ், மாமனார் அப்பியஸ் கிளாடியஸ். வீட்டு ஆட்களாகவே போட்டுக்கொண்டது அழகில்லைதான். கையை வெட்டாமல் காலை வாருவது எப்படி என்பதில் செனட்டுக்கு நிகர் கிடையாது. ஊர் ஊராகப் போய் நிலம் பிரிக்கிற அதிகாரிக்கு அரசு செலவில் கூடாரம் கொடுப்பது வழக்கம். கூடாரம் இல்லை என்றது. நாள்படி? ஒன்பது ஓபல், சில்லறைக் காசு. இதற்கான தீர்மானத்தை முன்மொழிந்தவர் பப்ளியஸ் சிப்பியோ நாசிக்கா. ரோமின் தலைமைப் பூசாரி, திபேரியஸுக்கு உறவினரும்கூட. பொதுநிலத்தை ஏராளமாக வளைத்து வைத்திருந்தவர் என்பதால் அவருக்கு வயிறு எரிந்தது என்று ப்ளூட்டார்க் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். ஒரு பேரரசின் கருவூலத்தை, ஒரு கூடாரத்துணி மிச்சம் பிடித்துக் காப்பாற்றிய சிக்கனம் இது.

அந்த நேரம் பார்த்து பெர்கமம் நாட்டு அரசன் அட்டலஸ், வாரிசில்லாமல் செத்து, தன் ராஜ்யத்தையே ரோமுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனான். அந்தப் பணத்தை நிலம் பெற்றவர்களுக்கு ஏர் மாடு வாங்கக் கொடுக்கலாம் என்றார் திபேரியஸ். இப்போதுதான் உண்மையாகவே கொலைக்குற்றம் செய்துவிட்டார். வெளிநாட்டுச் சொத்து, வெளிநாட்டு வரி, இரண்டும் செனட்டின் மடியில் விழ வேண்டியவை. உடனே பொம்பேயஸ் என்ற செனட்டர் எழுந்தார். நான் திபேரியஸின் அண்டை வீட்டுக்காரன், எனக்குத் தெரியும், பெர்கமத்திலிருந்து வந்த தூதன் அவருக்கு அரச மகுடமும் ஊதா அங்கியும் கொடுத்திருக்கிறான், ரோமுக்கு ராஜாவாகப் போகிறார் என்று சாட்சி சொன்னார். மகுடத்தை யாராவது பார்த்தார்களா என்றால், இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறாரே!

அடுத்த தேர்தல் நாள். திபேரியஸ் மறுபடியும் ட்ரிப்யூனாக நிற்கிறார். காபிடோல் குன்றின்மேல் கூட்டம். கீழே கொலைக்கு ஆயத்தம் நடக்கிறதென்று செய்தி வர, இரைச்சலில் குரல் எட்டாததால் உயிருக்கு ஆபத்து என்று காட்டத் தலையைத் தொட்டுக் காட்டினார். எதிராட்கள் ஓடினார்கள் செனட்டுக்கு: தலையில் கிரீடம் கேட்கிறான்! செனட் அப்போது கூடியிருந்த இடம் எது தெரியுமா? ஃபிதேஸ் தேவியின் கோயில். நாணயத்துக்கும் கொடுத்த வாக்குக்கும் உரிய தெய்வம். அந்தத் தெய்வத்தின் முன்னால் நாசிக்கா கத்தினார்: கொடுங்கோலனை ஒழிக்க வேண்டும். ஆட்சித் தலைவரான கான்சல் மூசியஸ் ஸ்கைவோலா, விசாரணையில்லாமல் குடிமகன் ஒருவனைக் கொல்ல மாட்டேன் என்றார். அந்தச் சபையில் சட்டம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் போலும். கான்சலே நாட்டைக் காட்டிக்கொடுக்கிறார், சட்டத்தைக் காக்க நினைப்பவர்கள் என் பின்னால் வாருங்கள் என்று டோகா அங்கியைத் தலைக்குமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார் தலைமைப் பூசாரி. சட்டத்தைக் காக்கச் சட்டத்தை வாசலிலேயே விட்டுவிட்டுப் போவதில் அவருக்கு ஒரு தயக்கமும் இல்லை.

செனட்டர்கள் டோகாவை இடக்கையில் சுற்றிக்கொண்டு மேலே ஏறினார்கள். அவர்கள் வேலையாட்கள் தடி கொண்டுவந்திருந்தார்கள். மேலே இருந்த கூட்டம், வருகிறவர்களின் அந்தஸ்தைப் பார்த்து, பெரியவர்கள் வருகிறார்கள் என்று மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது! வழி விடுகிற அவசரத்தில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து மிதிபட்டார்கள், பெஞ்சுகள் உடைந்தன. உடைந்த பெஞ்சின் காலையும் கட்டையையும் செனட்டர்கள் பொறுக்கிக்கொண்டார்கள். திபேரியஸ் திரும்பி ஓடினார். யாரோ டோகாவைப் பிடித்து இழுத்தார். அதை உதறிவிட்டு உள்ளங்கியோடு ஓடியவர், கீழே விழுந்து கிடந்தவர்கள்மேல் தடுக்கி விழுந்தார். எழப் பார்க்கும்போது தலையில் ஓர் அடி. அடித்தவர் பப்ளியஸ் சட்டூரியஸ், அவரும் ஒரு ட்ரிப்யூன். ஆயுதம் பெஞ்சுக் கால். இரண்டாவது அடி என்னுடையது என்று லூசியஸ் ரூஃபஸ் என்பவர் பிற்காலத்தில் பெருமையடித்துக்கொண்டார். அன்று செத்தவர்கள் 300-க்கும் மேல். ஒருவர்கூட இரும்பால் வெட்டப்படவில்லை, எல்லாம் கட்டையும் கல்லும்தான் என்று ப்ளூட்டார்க் குறிப்பிடுகிறார். புனிதமான குன்றில் வாள் ஏந்தக் கூடாது என்ற ஆசாரம் கெடவில்லை பாருங்கள்.

பிணத்தை இரவிலே அடக்கம் செய்துகொள்கிறேன், கொடுங்கள் என்று குடும்பம் கேட்டது. மாட்டோம் என்றார்கள். டைபர் ஆற்றில் மற்றப் பிணங்களோடு எறிந்தார்கள். மறுவருடம் கான்சல்கள் விசாரணை மன்றம் வைத்துத் திபேரியஸின் ஆட்களைத் தேடித் தேடி நாடு கடத்தினார்கள், கொன்றார்கள். கையுஸ் வில்லியஸ் என்பவரைப் பாம்புகளோடு ஒரு ஜாடியில் போட்டு மூடினார்களாம். நாசிக்காவுக்கு மட்டும் தண்டனை கடுமையாக இருந்தது: தெருவில் போனால் மக்கள் கொலைகாரா என்று கூவினார்கள். பெரிய மனிதருக்கு இந்த அவமானம் தாங்காது என்று செனட் அவரை அரசுத் தூதராக ஆசியாவுக்கு அனுப்பிவைத்தது. எந்த ஊர்ப் பணத்தை ஏழைக்குக் கொடுக்கக் கூடாது என்று அடித்துக் கொன்றாரோ, அந்தப் பெர்கமத்திலேயே போய்ச் செத்தார்.

பத்து வருடம் கழித்து, 123-இல், தம்பி கையுஸ் ட்ரிப்யூனாக வந்தார். அண்ணன் நிலத்தோடு நின்றவர். தம்பி எல்லாவற்றையும் தொட்டார். மக்கள் தீர்ப்பில்லாமல் எந்தக் குடிமகனின் உயிரையும் எடுக்கக் கூடாது என்று ஒரு சட்டம். மாகாணங்களைச் சுரண்டிய செனட்டர்களை விசாரிக்க, செனட்டர் அல்லாத நடுவர்கள். ரோமில் இருப்பவர்களுக்கு மலிவு விலையில் தானியம். பீசோ என்ற முன்னாள் கான்சல் இந்தத் தானியச் சட்டத்தைக் கொண்டுவர விடாமல் முழுமூச்சாக எதிர்த்தார். சட்டம் வந்த பிறகு வரிசையில் நின்றுகொண்டிருந்த பீசோவைக் கையுஸ் பார்த்துவிட்டார். நியாயமா என்று கேட்டதற்கு, என் சொத்தை எல்லோருக்கும் பிரித்துக்கொடுப்பதை நான் விரும்பவில்லை, பிரிப்பதென்று ஆனால் என் பங்கையும் நான் வாங்கிக்கொள்வேன் என்றாராம். இந்தக் கதையைப் பேச்சாளர் சிசரோ ஏதோ பீசோவின் சாமர்த்தியம் போலச் சொல்கிறார். வயிற்றில் பசியில்லாதவன் வரிசையில் நிற்பதைச் சாமர்த்தியம் என்று வேறு எந்த ஊரில் சொல்வார்கள்?

சந்தைவெளியில் வாள்வீரர் சண்டை நடக்க இருந்தது. அதிகாரிகள் சுற்றிலும் மேடை கட்டி, இருக்கையை வாடகைக்கு விட்டார்கள். காசில்லாதவனுக்கு மேடையின் முதுகுதான் காட்சி. கையுஸ் பிரிக்கச் சொன்னார், கேட்கவில்லை. முந்தின இரவு தன் வேலையாட்களைக் கூட்டிவந்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டார். மக்கள் ஆண்மை என்றார்கள். சக ட்ரிப்யூன்கள் அடாவடி என்றார்கள். மூன்றாம் முறை ட்ரிப்யூன் தேர்தலில் நின்று அவர் தோற்றதற்கு இந்தப் பெஞ்சுக் கணக்கும் ஒரு காரணம் என்று பேச்சு உண்டு.

இந்த முறை செனட் புத்திசாலித்தனமாக ஏலத்தில் இறங்கியது. லிவியஸ் ட்ரூசஸ் என்ற ட்ரிப்யூனைக் கையில் போட்டுக்கொண்டு, கையுஸ் ஒன்று சொன்னால் இவரை விட்டு இரண்டாகச் சொல்ல வைத்தது. கையுஸ் இரண்டு குடியேற்றங்கள் கேட்டபோது மக்களுக்கு லஞ்சம் என்று கொதித்தவர்கள், ட்ரூசஸ் பன்னிரண்டு குடியேற்றம், ஒவ்வொன்றுக்கும் 3,000 ஏழைகள் என்றபோது கைதட்டினார்கள். கையுஸ் நிலத்துக்கு வாரம் போட்டால் குற்றம். ட்ரூசஸ் வாரத்தையே ரத்து செய்தால் தயாளம். பன்னிரண்டும் பேச்சோடு சரி. தேர்தல் வாக்குறுதி என்ற இலக்கிய வகையில் இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

லத்தீன் மக்களுக்கும் குடியுரிமை கொடுக்க வேண்டும் என்று கையுஸ் சொன்னார். ரோமின் போர்களில் பக்கத்தில் நின்று செத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். கையுஸ் ஆதரவால் கான்சலான ஃபன்னியஸ் அவருக்கு எதிராகவே எழுந்து பேசினார்: அவர்களை உள்ளே விட்டால், இப்போது நீங்கள் நிற்கிற இடம் கூட்டத்திலும் திருவிழாவிலும் வேடிக்கையிலும் உங்களுக்கு இருக்குமா, எல்லாவற்றையும் அடைத்துக்கொள்வார்களே. நிலத்தைப் பணக்காரன் எடுத்துக்கொண்டான். அதற்குப் பதிலாக ஏழை ரோமானியனுக்கு, வெளியூர்க்காரன் உன் இடத்தைப் பிடித்துவிடுவான் என்ற பயத்தை இலவசமாகக் கொடுத்தார்கள். அது வேலை செய்தது. எப்போதும் வேலை செய்கிறது.

121. கான்சல் லூசியஸ் ஒப்பிமியஸ். கையுஸ் பதவியில் இல்லை. அவருடைய சட்டங்களைக் கிழித்தெறிவதற்கான நாள் குறிக்கப்பட்டது. அன்று காலை, பலியின் குடலை ஏந்திக்கொண்டு வந்த ஒப்பிமியஸின் ஏவலாள் அண்டில்லியஸ், கையுஸ் பக்கத்தாரைப் பார்த்து, கெட்டவர்களே, நல்லவர்களுக்கு வழிவிடுங்கள் என்று கையை ஆட்டி ஏசினான். அவர்கள் எழுத்தாணியால் குத்திக் கொன்றுவிட்டார்கள். மடத்தனம், குற்றம், கையுஸ் தலையில் அடித்துக்கொண்டார், எதிரிகள் கேட்ட காரணத்தைக் கொடுத்துவிட்டீர்களே என்றார். ஒப்பிமியஸுக்குப் பொன்னாள். மறுநாள் அந்த உடலைப் பாடையில் கிடத்திச் சந்தைவெளி வழியாக செனட் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே இருந்தவர்கள், அது என்ன சத்தம் என்று ஒன்றும் தெரியாதவர்கள் போல வெளியே வந்து, பாடையைச் சுற்றி நின்று ஐயோ ஐயோ என்றார்கள். பார்த்துக்கொண்டிருந்த மக்களுக்கு வயிறு பற்றி எரிந்தது. ட்ரிப்யூனை அடித்துக் கொன்று ஆற்றில் எறிந்த அதே கைகள், ஒரு கூலியாளின் பிணத்துக்கு மார்பில் அடித்துக்கொள்கின்றன.

அழுது முடித்து உள்ளே போய் ஒரு தீர்மானம் போட்டார்கள். குடியரசுக்குக் கேடு வராமல் கான்சல் பார்த்துக்கொள்ளட்டும். அவ்வளவுதான், கொல் என்ற சொல் அதில் இல்லை. யாரை, எந்தக் குற்றத்துக்கு, எந்த மன்றத்தில், ஒன்றும் இல்லை. இரண்டு வருடம் முன்பு மக்கள் நிறைவேற்றிய உயிர்க்காப்புச் சட்டத்தை இந்த ஒற்றை வாக்கியம் விழுங்கியது. ஒப்பிமியஸ், ஒவ்வொரு குதிரைப்படைக் கனவானும் ஆயுதம் தரித்த இரண்டு அடிமைகளோடு வர வேண்டும் என்றார். கிரீட் தீவின் வில்லாளிகளும் வந்தார்கள். கையுஸும் அவர் நண்பர் ஃபுல்வியஸ் ஃபிளாக்கஸும் அவெண்டைன் குன்றில் ஒதுங்கினார்கள். சமாதானம் பேச ஃபிளாக்கஸ் தன் இளைய மகனை அனுப்பினார். தூதுக்கோல் பிடித்த சின்னப் பையன். இரண்டாம் முறை வந்தபோது அவனைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு கொன்றார்கள். எப்படிச் சாவதென்று நீயே தேர்ந்தெடுத்துக்கொள் என்று ஒப்பிமியஸ் சலுகை கொடுத்ததாக வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார்.

கையுஸ் டைபரின் மரப்பாலத்தைத் தாண்டி ஓடினார். வழியில் குதிரை தாருங்கள் என்று கேட்டார். ஓடு ஓடு என்று ஊக்கம் கொடுத்தவர்கள் பலர், குதிரை கொடுத்தவர் யாருமில்லை. ஒரு தோப்பில், அவர் சொற்படி அவருடைய அடிமையே அவரைக் கொன்றான். தலையைக் கொண்டுவருகிறவருக்கு எடைக்கு எடை தங்கம் என்று ஒப்பிமியஸ் அறிவித்திருந்தார். செப்டிமுலேயஸ் என்பவன் கொண்டுவந்தான். தராசில் 17 பவுண்டுக்கு மேல் நின்றது. மூளையை எடுத்துவிட்டு ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருந்தான். குடியரசைக் காத்த கட்சிக்குள்ளேயே எடைமோசடி. ஃபிளாக்கஸின் தலையைக் கொண்டுவந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அவர்கள் கீழ்மட்டத்து ஆட்களாம். தலைக்கும் தரம் உண்டு, தலை கொண்டுவருகிறவனுக்கும் தரம் உண்டு.

அன்று கொல்லப்பட்டவர்கள் 3,000 பேர் என்கிறார் ப்ளூட்டார்க். சொத்தெல்லாம் ஏலம். கையுஸின் மனைவி லிசினியாவின் சீதனம்கூடப் பறிபோயிற்று. செத்தவர்களின் மனைவிமார் துக்கம் காக்கக் கூடாது என்று தடை. இத்தனையும் செய்து முடித்து, ஊரைச் சுத்தி செய்துவிட்டு, ஒப்பிமியஸ் சந்தைவெளியின் ஓரத்தில் ஒரு கோயில் கட்டினார். கொங்கோர்டியாவுக்கு. ஒற்றுமைத் தேவி. பக்கத்திலேயே தன் பெயரில் ஒரு மண்டபமும். கல்வெட்டின் அடியில் இரவோடிரவாக யாரோ ஒருவர், வெறிபிடித்த பகைமை ஒற்றுமைக்குக் கோயில் கட்டியிருக்கிறது என்ற பொருளில் ஒரு வரி பொறித்துவிட்டுப் போனார். அவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. ரோமானிய அங்கதக்காரர்களில் என் வணக்கம் முதலில் அவருக்கு.

மறுவருடம் ஒப்பிமியஸ்மேல் வழக்கு. விசாரணையில்லாமல் குடிமக்களைக் கொன்றார் என்று. அவருக்காக வாதாடியவர் கார்போ. யார் இந்தக் கார்போ? கிராக்கஸ் நிலக்குழுவில் உட்கார்ந்து நிலம் அளந்தவர், திபேரியஸின் பெயரைச் சொல்லி வளர்ந்தவர், அதற்குள் கான்சல் ஆகிவிட்டவர். கையுஸைக் கொன்றது நியாயம் என்று அவர் வாதாடினார், ஒப்பிமியஸ் விடுதலை. அடுத்த ஆண்டே வேறு ஒரு வழக்கில் இளைஞன் ஒருவன் கார்போவைக் கூண்டில் ஏற்றினான். அவர் கைவிட்ட கட்சியும் காக்கவில்லை, போய்ச் சேர்ந்த கட்சியும் காக்கவில்லை, விஷம் குடித்துச் செத்தார்.

நிலம் என்னாயிற்று? அதைத்தானே கேட்க வேண்டும், இத்தனை ரத்தமும் அதற்காகத்தானே. முதலில், பங்கு பெற்ற ஏழைகள் விற்கலாம் என்று ஒரு சட்டம் வந்தது. பணக்காரர்கள் வாங்கினார்கள், வாங்க முடியாததை மிரட்டிப் பறித்தார்கள். பிறகு, நிலம் பிரிப்பது நிறுத்தம், வைத்திருப்பவரே வைத்துக்கொள்ளட்டும், வாரம் மட்டும் கட்டினால் போதும் என்று இன்னொன்று. பிறகு அந்த வாரமும் தள்ளுபடி. 111-ஆம் ஆண்டின் நிலச்சட்டம் ஒரு வெண்கலத் தகட்டில் உடைந்த துண்டுகளாக இன்றும் இருக்கிறது. பழைய பொதுநிலத்தில் பெரும்பகுதி அதில் தனியார் உடைமையாகிவிட்டது. ஆக்கிரமிப்புக்குப் பட்டா. அந்தத் தகட்டின் இன்னொரு முகத்தில் இருப்பது, மாகாணங்களில் கொள்ளையடித்த அதிகாரிகளைத் தண்டிக்கும் சட்டம். கையுஸ் காலத்தது என்று அறிஞர்கள் பெரும்பாலும் கருதுவது. வெண்கலத்தை வீணாக்காத சிக்கனக்காரர்கள்!

ஒப்பிமியஸ் அதன்பின் பெரிய மனிதராகவே உலவினார். நுமிடியாவை இரண்டு இளவரசர்களுக்குப் பிரித்துக்கொடுக்கச் சென்ற பதின்மர் குழுவுக்குத் தலைவர் அவர்தான். ஜுகுர்தா என்ற இளவரசன் கைநிறையக் கொடுத்தான். செழிப்பான பாதி அவனுக்குப் போயிற்று என்கிறார் வரலாற்றாசிரியர் சல்லஸ்ட். 109-இல் அந்த லஞ்சத்துக்கு ஒரு விசாரணை நடந்தது. தீர்ப்புச் சொன்னவர்கள், கையுஸ் ஏற்பாடு செய்த அந்தச் செனட்டர் அல்லாத நடுவர்கள். குற்றவாளி. நாடு கடந்து போய் டைராக்கியத்தில் செத்தார். நாட்டைக் காத்த உத்தமருக்கு இப்படி ஒரு கதியா, சந்தைவெளியில் அவர் கட்டிய கோயில் நிரம்பி வழிகிறது, அவர் கல்லறையோ கடற்கரையில் அநாதையாகக் கிடக்கிறது என்று அரை நூற்றாண்டு கழித்துச் சிசரோ உருகினார். 3,000 பேர் கொலைக்கு விடுதலை, ஒரு லஞ்சத்துக்குத் தண்டனை. சிசரோவுக்கு இதில் வருத்தமாக இருந்தது தண்டனை.

அவருடைய வருத்தத்துக்குக் காரணம் உண்டு. 63-இல் கான்சலாக இருந்தபோது, டிசம்பர் 5 அன்று, செனட்டை அவர் கூட்டிய இடம் அந்த ஒற்றுமைக் கோயில்தான். சதிகாரன் கட்டலீனாவின் கூட்டாளிகள் ஐந்து பேரை மக்கள் தீர்ப்பில்லாமலே அன்று கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். ஐந்து வருடம் கழித்து அதற்காகவே சிசரோவை நாடு கடத்தினார்கள். வீட்டை இடித்து அந்த இடத்தில் சுதந்திர தேவிக்குச் சந்நிதி வைத்தார்கள். யாரைக் கொன்றாலும் எதை இடித்தாலும் கையோடு ஒரு தேவிக்கு இடம் ஒதுக்குவது அதற்குள் ரோமின் வழக்கமாகிவிட்டிருந்தது. இடையில் 100-ஆம் ஆண்டில் சட்டுர்னீனஸ் என்ற ட்ரிப்யூனை, செனட் மண்டபத்தில் அடைத்துக் கூரை ஓட்டைப் பிடுங்கி அடித்துக் கொன்றார்கள். பெஞ்சுக் காலில் தொடங்கியது ஓட்டுக்கு வந்தது. 49-இல் அதே ஒற்றை வாக்கியத்தைச் சீசருக்கு எதிராகப் போட்டபோது, அவரிடம் பெஞ்சும் இல்லை, ஓடும் இல்லை, படை இருந்தது.

121-ஆம் ஆண்டுக்கு இன்னொரு புகழும் உண்டு. அந்த வருடம் இத்தாலியில் வெயில் நன்றாக அடித்தது, திராட்சை அருமையாகப் பழுத்தது. ஆண்டுக்குக் கான்சல் பெயரைச் சொல்வது ரோமின் முறை என்பதால் அந்த ஒயினுக்கு ஒப்பிமியன் என்று பெயர். பெத்ரோனியஸின் கதையில், பணம் கொழுத்த திரிமால்கியோ தன் விருந்தில் கழுத்தில் சீட்டு ஒட்டிய குடுவைகளை வரவழைத்து, நூறு வருடத்து ஒப்பிமியன் என்று பீற்றிக்கொள்கிறான். ஏறக்குறைய 200 வருடம் ஆன பின்னும் அது மிஞ்சியிருந்தது என்கிறார் பிளினி. இறுகிக் கசந்த தேன் போலாகிவிட்டதால் தனியாகக் குடிக்க முடியாது, மற்ற ஒயினில் கொஞ்சமாகக் கலப்பார்கள். இத்தனை காலத்துக்கு வட்டி சேர்த்தால் அதன் விலை என்ன ஆகும் என்றும் அவர் கணக்குப் போட்டிருக்கிறார்.